'ஓவர் பை', 'பேக் அப் அட்', 'ரைட் ஆஃப்டர்' – இந்தச் சின்னச் சொல்லெல்லாம் எப்பிடி ஒண்டோட ஒண்டு ஒட்டுது?

வாழைச்சேனைப் புள்ள · வெள்ளி இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் பாசிக்குடாப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல ரிசப்ஷன்ல நிக்கன், ஒம்பது மாசம் ஆகுது. ஓ எல் சோதனையில இங்கிலீசுக்கு பி எடுத்தனான். பேப்பர்ல வாறதச் செய்வன், வெள்ளைக்காரங்க மெதுவாக் கதைச்சா விளங்கும். பிரச்சின என்னெண்டா அவங்க வாட்ஸ்அப்புல அனுப்புற மெசேஜ்தான். நேத்துப் பின்னேரம் ஒரு கெஸ்ட் அனுப்பினத அப்பிடியே தமிழ் எழுத்துல போடுறன் பாருங்க.

'வீ ஆர் ஓவர் பை த போட்ஸ், ஜஸ்ட் டவுன் ஃப்ரம் த பார். வில் பி பேக் அப் அட் த ரூம் ரைட் ஆஃப்டர் சன்செட்.'

இதுல எனக்குத் தெரியாத சொல்லு ஒண்டும் இல்ல. ஓவர் எண்டா முடிஞ்சித்து, பை எண்டா 'ஆல்', டவுன் எண்டா கீழ, ஃப்ரம் எண்டா 'இருந்து', பேக் எண்டா முதுகு. அப்ப நான் விளங்கிக்கிட்டது போட் ஓட்டம் முடிஞ்சித்து, இப்பவே ரூமுக்கு வாறாங்க எண்டு. அவங்க முன்னயே ஓட்டோ ஒண்டு கேட்டிருந்தாங்க, நான் உடனே ஓட்டோக்கார அண்ணனுக்கு கோல் எடுத்து கேட்டடிக்கு வரச் சொல்லிப்போட்டன். அவர் முக்கால் மணித்தியாலம் வெயிலுக்க நிண்டவர், வேற ஒரு ஹயரும் தவறிப்போச்சு. கெஸ்ட் வந்தது பொழுது பட்டுத்தான். அந்த அண்ணன் ஒரு சொல்லு ஏசல்ல, அதுதான் எனக்கு இன்னும் மனசு சரியில்லாம கிடக்கு.

பள்ளிக்கூடத்துல 'இன், ஒன், அட்' படிச்சம், கோடிட்ட இடம் நிரப்பினம். அதுக்கு முன்னால இன்னொரு சொல்லு, ரெண்டு சொல்லு எண்டு வந்து ஒட்டுறத ஒருத்தரும் சொல்லித் தரல்ல. இதுக்கு ஒரு முறை இருக்கா, இல்லாட்டி ஒவ்வொண்டையும் பாடமாக்க வேணுமா? தெரிஞ்சவங்க விளங்கப்படுத்துங்க.

பழைய டீச்சர், களுவாஞ்சிக்குடி · வெள்ளி இரவு 10.25

மகள், பாடமாக்க வேணாம். நான் 31 வருசம் இங்கிலீஷ் படிப்பிச்சி இப்ப பென்சன்ல இருக்கன். நீங்க கேட்ட கேள்விய வகுப்புல ஒரு புள்ளையாவது கேட்டிருந்தா எண்டு இப்ப ஆசைப்படுறன், அப்பிடிக் கேட்டிருந்தா நானும் அதப் படிப்பிச்சிருப்பன்.

முதல் அந்த மெசேஜ உடைச்சிப் பாருங்க. 'பை த போட்ஸ்' இதுதான் அடிக்கட்டை. நம்மட பேச்சுல 'போட்டடியில'. கோயிலடி, பாலத்தடி, சந்தியடி எண்டு சொல்றமே, அந்த 'அடி'தான் இந்த 'பை', 'ஆல்' இல்ல. அதுக்கு முன்னால வந்த 'ஓவர்' முடிஞ்சிபோன ஓவர் இல்ல, அது 'அங்கால'. உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல கொஞ்ச இடம் கிடக்கு, அதத் தாண்டி அங்கால நிக்கம் எண்டு காட்டுது. 'அங்கால போட்டடியில நிக்கம்.' அவ்வளவுதான்.

மறுகா 'டவுன் ஃப்ரம் த பார்'. பார்ல இருந்து கடல் பக்கமா இறங்கி. அதுக்கும் முன்னால 'ஜஸ்ட்', கொஞ்சத் தூரம்தான் எண்டு. 'பேக்' எண்டா திரும்பி, 'அப்' எண்டா மேல, ஏனெண்டா ரூம் கரைய விட மேட்டுல, 'அட் த ரூம்' எண்டா ரூம்ல. கடைசியா 'ரைட் ஆஃப்டர் சன்செட்', பொழுது பட்ட கையோட. இந்தக் 'கையோட' எண்ட சொல்லு நினைவுல இருந்தா 'ரைட் ஆஃப்டர்' ஒருக்காலும் மறக்காது.

இப்ப முறையச் சொல்றன். வேற்றுமை உருபு மாதிரி நிக்கிற அந்த 'இன், அட், பை, ஃப்ரம், டு'வுக்கு முன்னால ரெண்டு சாதிச் சொல்லு வந்து நிக்கும். ஒரு சாதி அளவு சொல்லும்: ரைட், ஜஸ்ட், ஸ்ட்ரெய்ட், ஹாஃப்வே, வெல், ஆல்மோஸ்ட். மற்றச் சாதி திசை சொல்லும்: அப், டவுன், ஓவர், அவுட், இன், பேக், ரவுண்ட். ரெண்டும் வந்தா அளவு முன்னுக்கு, திசை அதுக்குப் புறகு, கடைசியில 'டு த பீச்' மாதிரிக் கட்டை. 'ஸ்ட்ரெய்ட் பேக் டவுன் டு த பீச்' எண்டா எங்கயும் நிக்காம நேரத் திரும்பிக் கீழ கடற்கரைக்கு. நாலு சொல்லு வரிசையா நிண்டாலும் ஒவ்வொண்டும் தன்ட வேலையச் செய்யுது. திசைச் சொல்லு ரெண்டு வந்தா 'பேக்' முன்னுக்குத்தான் வரும், 'பேக் அப்', 'பேக் டவுன்', 'பேக் அவுட்'. 'அப் பேக்' எண்டு அந்த அர்த்தத்துல வராது.

இன்னொண்டு. நம்மட புள்ளைகள் 'மிக', 'சரியா' எண்டத நினைச்சி 'வெரி இன் ஃப்ரண்ட் ஒஃப் த டெம்பிள்' எண்டு எழுதும். 'வெரி' அந்த இடத்துல நிக்காது. 'ரைட் இன் ஃப்ரண்ட் ஒஃப்' எண்டுதான் வர வேணும். 'வெரி நியர் த ஸ்கூல்' சரி, ஏனெண்டா நியர் எண்ட சொல்லு நியர், நியரர் எண்டு வளரும், அதால அது வெரியத் தாங்கும். இன், அட், பிஹைண்ட் தாங்காது.

மணல்சேனை · வெள்ளி இரவு 10.31

டீச்சர் இத ஸ்கிரீன்ஷொட் எடுத்து வச்சிக்கிட்டன். தங்கச்சிக்கு அடுத்த வருசம் ஓ எல்.

சம்மாந்துறை மச்சான் · வெள்ளி இரவு 10.58

அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். எனக்கு ஒரு குழப்பம் இரிக்கி. அப், டவுன், ஓவர் எல்லாம் எங்களுக்கு ப்ரெபொசிஷன் லிஸ்ட்லதான் தந்தாங்க. ஒரு ப்ரெபொசிஷனுக்குப் பக்கத்துல இன்னொரு ப்ரெபொசிஷன் வரக் கூடா எண்டு டியூசன் சேர் சொன்னதால நான் எங்க ரெண்டு சேர்ந்து வந்தாலும் ஒண்ட வெட்டி விட்டுருவன். 'த கெட் கேம் அவுட் ஃப்ரம் அண்டர் த டேபிள்' எண்டு ஒரு கதையில வாசிச்சன், மூண்டு வருது, அது அச்சுப் பிழையெண்டு நினைச்சித்தான் இவ்வளவு நாளும் இரிந்தன். அப்ப 'ஓவர்' எண்டது அட்வேர்பா ப்ரெபொசிஷனா? ஒரு முடிவச் சொல்லுங்க.

பழைய டீச்சர், களுவாஞ்சிக்குடி · வெள்ளி இரவு 11.10

தம்பி, அது அச்சுப் பிழை இல்ல, சோக்கான இங்கிலீஷ். 'அண்டர் த டேபிள்' ஒரு இடம், மேசைக்குக் கீழ. அந்த இடத்துல 'இருந்து' எண்டதுக்கு 'ஃப்ரம்'. 'அவுட்' வெளியால. மேசைக்குக் கீழ இருந்து வெளியால வந்தது. தமிழ்லயும் 'கீழ', 'இருந்து', 'வெளியால' மூண்டும் நிக்குதே, ஒண்ட வெட்டினா பூனை எங்க இருந்து வந்த எண்டு விளங்காது.

சோதனைக்கு நான் சொல்றது இதுதான்: புறகால பெயர் வந்தா ப்ரெபொசிஷன், வராட்டி அட்வேர்ப். 'ஓவர் த பிரிட்ஜ்' ப்ரெபொசிஷன். 'ஓவர் பை த பிரிட்ஜ்' எண்டா ஓவர் அட்வேர்ப்.

ஒலுவில் கெம்பஸ் · சனி காலை 6.50

டீச்சர் சொன்னது நம்மட சிலபஸ்படி சரி. ஆனா லிங்குவிஸ்டிக்ஸ்ல இத வேற மாதிரிப் பார்க்கிறாங்க, அதயும் இஞ்ச சொல்ல வேணும் எண்டு நினைக்கன், ஏனெண்டா மச்சான்ட குழப்பம் எனக்கும் ரெண்டு வருசமா இரிந்த.

2002 இல கேம்பிரிட்ஜால வந்த பெரிய இலக்கணப் புத்தகம் ஒண்டு இரிக்கி, ராட்னி ஹடில்ஸ்டனும் ஜெஃப்ரி புல்லமும் தலைமையில எழுதினது. அதுல அப், டவுன், ஓவர், அவுட், பேக் எல்லாத்தையும் புறகால பெயர் வந்தாலும் வராட்டியும் ப்ரெபொசிஷன் எண்டுதான் எடுக்காங்க. காரணம் லேசானது. 'ஈட்' எண்ட வினைக்கு 'சோறு' வந்தாலும் வராட்டியும் அது வினைதானே, 'ஹீ ஏட் ரைஸ்', 'ஹீ ஏட்'. பெயர் வரல்ல எண்டுறதுக்காக வினை வேற சாதியா மாறுறல்ல. அப்ப 'ஓவர்' மட்டும் ஏன் மாற வேணும்?

அவங்க காட்டுற ஒரு சோதனை நமக்கு நல்லா உதவும். 'ரைட்' எண்ட சொல்ல முன்னுக்கு வச்சிப் பாருங்க. 'ரைட் ஓவர் த பிரிட்ஜ்' வரும், 'ரைட் பேக்' வரும், 'ரைட் அப் அட் த டொப்' வரும். 'ரைட் குயிக்லி' வராது, 'ரைட் பியூட்டிஃபுல்' வராது. அப்ப பேக்கும் அப்பும் குயிக்லிட சாதி இல்ல, இன், அட் ஓடதான் சொந்தம். எனக்கு இது விளங்கின அண்டைக்குத்தான் இங்கிலீஷ் ஒரு ஒழுங்குல கிடக்கு எண்ட நம்பிக்கை வந்த.

பழைய டீச்சர், களுவாஞ்சிக்குடி · சனி காலை 7.35

தம்பி, அந்த 'ஈட்' உதாரணம் நல்லா இருக்கு, மறுக்கல்ல. ஆனா ஓ எல் எழுதுற புள்ள பேப்பர்ல 'பேக்' ப்ரெபொசிஷன் எண்டு எழுதினா மார்க்ஸ் போகும். நான் என்ட புள்ளைகளுக்கு பேப்பர்ல அட்வேர்ப் எண்டு எழுதச் சொல்லுவன், மனசுக்க நீங்க சொன்னத வச்சிருக்கச் சொல்லுவன். பேர் எதுவா இருந்தாலும் நிக்கிற இடம் மாறாது. இந்தப் புள்ளைக்கு வேண்டியது இடம்.

உல்லைப் பொடியன் · சனி காலை 8.20

நான் அறுகம்பேல சர்ஃப் படிப்பிக்கன், 11 வருசம். இங்கிலீஷ் புத்தகத்துல படிக்கல்ல, தண்ணிக்க நிண்டு படிச்சதுதான். இலக்கணப் பேர் எனக்குத் தெரியா, ஆனா இந்தச் சொல்லுகள் ஒரு நாளைக்கு நூறு தரம் வாய்ல வரும்.

முதல் ஒண்டு விளங்க வேணும், அவங்களுக்கு கடல் 'அவுட்', கர 'இன்'. மெயின் பாயிண்ட்ல அலைக்கு நிக்கிற ஆக்கள் 'அவுட் அட் மெயின் பாயிண்ட்'. அலையில கரைக்கு வந்து, திரும்ப உள்ளுக்குப் போறது நமக்கு 'உள்ளுக்கு', அவங்களுக்கு 'பேக் அவுட்'. நாம கடலுக்க 'உள்ளுக்கு' எண்டுறம், அவங்க 'வெளியால' எண்டுறாங்க, நேர்மாறு. தொடக்கத்துல நான் 'கோ இன்சைட்' எண்டு சொல்ல புதுசா வந்த பொம்பளப் புள்ள ஒண்டு போர்டத் தூக்கிக்கிட்டு கரைக்கு நடந்து வந்தித்து. அண்டைல இருந்து 'பேடில் ஸ்ட்ரெய்ட் பேக் அவுட்' எண்டுதான் சொல்றன்.

அப்புறம் வடக்கு 'அப்', தெற்கு 'டவுன்'. விஸ்கி பாயிண்ட், பொத்துவில் பாயிண்ட் ரெண்டும் வடக்கால, அதால 'அப் அட் விஸ்கி'. பீனட் ஃபாம், ஓக்கந்தை தெற்கால, 'டவுன் அட் பீனட் ஃபாம்', 'ஆல் த வே டவுன் டு ஓக்கந்தை'. மேடு பள்ளம் ஒண்டும் இல்ல, எல்லாம் கடல் மட்டம்தான், படத்துல மேல கிடக்கிறது அப், கீழ கிடக்கிறது டவுன். டீச்சர் ரூம் மேட்டுல எண்டு சொன்னது அந்த இடத்துக்குச் சரி, ஆனா எல்லா இடத்துக்கும் மேடெண்டு நினைக்க வேணாம் தங்கச்சி. 'ஹீஸ் டவுன் அட் த ஷொப்' எண்டு சொல்லுவாங்க, கடை பள்ளத்துல கிடக்க வேண்டிய அவசியம் இல்ல. தான் நிக்கிற இடத்த விட்டுக் கொஞ்சம் போக வேணும், அவ்வளவுதான்.

ஜஸ்டும் ரைட்டும் எனக்கு உசிர்ப் பிரச்சின. 'கல்லு ஜஸ்ட் பிஹைண்ட் யூ' எண்டா கொஞ்சம் பின்னால, 'ரைட் பிஹைண்ட் யூ' எண்டா முதுகோட ஒட்டி, அசையாத. 'வெல் பிஹைண்ட் யூ' எண்டா தூர, பயமில்ல. ஒரே பிஹைண்ட்தான், முன்னால நிக்கிற சொல்லுதான் ஆளக் காப்பாத்துது.

கல்முனை ராத்தா · சனி பகல் 12.05

உல்லைத் தம்பி கடைசியாச் சொன்னது என்ட தொழிலுக்கும் அப்பிடியே பொருந்தும். நான் கட்டார்ல ஒரு ஆசுபத்திரியில நேர்ஸ். டியூட்டி மாத்தேக்க ஒராள் மற்ற ஆளுக்கு எல்லாத்தையும் வாயால சொல்லிக் குடுக்க வேணும், பேஷண்டுக்கு முன்னாலதான். அங்க நேரத்துக்கு முன்னால நிக்கிற சொல்லுலதான் எல்லாம் கிடக்கு. 'ஜஸ்ட் பிஃபோர் மீல்ஸ்' எண்டா சாப்பிடப் போற நேரம். 'வெல் பிஃபோர்' எண்டா நல்லா முந்தி. 'ரைட் ஆஃப்டர்' எண்டா சாப்பிட்ட கையோட, 'ஷோர்ட்லி ஆஃப்டர்' எண்டா கொஞ்சத்தால, 'லோங் ஆஃப்டர்' எண்டா கன நேரத்தால. அந்த இடத்துலயே கணக்கும் வந்து நிக்கும், 'டூ அவர்ஸ் ஆஃப்டர் ஃபூட்'. ரைட் நிக்கிற கதிரையிலதான் 'டூ அவர்ஸ்' குந்தி இரிக்கி. இடத்துக்கும் அப்பிடித்தான், 'டூ டோர்ஸ் டவுன் ஃப்ரம் த பேங்க்' எண்டா பேங்க்ல இருந்து ரெண்டு கடை தள்ளி.

உடம்புக்கும் இதுதான். 'ஜஸ்ட் பிலோ த நீ' எண்டா முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ. 'ஹாஃப்வே அப் த ஆர்ம்' எண்டா கையில பாதி ஏறி. வந்த புதுசுல நான் ஒரு ஹேண்ட் ஓவர்ல 'ஆஃப்டர் லஞ்ச்' எண்டு மட்டும் சொன்னன். பொறுப்பான சிஸ்டர் நிப்பாட்டிக் கேட்டா, 'ரைட் ஆஃப்டர், ஓர் சம் டைம் ஆஃப்டர்?' எனக்கு மூஞ்சி சூடாகிப் போச்சி, ஆனா அவ கேட்டது சரி. அந்தச் சொல்ல நான் விட்டா மருந்துட நேரம் எனக்கு மட்டும்தான் தெரியும், எடுத்துக் குடுக்கிறவளுக்குத் தெரியா. அதுக்குப் புறகு நான் ஒரு நாளும் வெறும் ஆஃப்டர், வெறும் பிஃபோர் சொன்னதில்ல.

தங்கச்சி வாழைச்சேன, உங்கட கெஸ்ட் எழுதினதுலயும் ஓட்டோக்கு வேண்டிய நேரம் அந்த 'ரைட் ஆஃப்டர் சன்செட்'லதான் இரிந்த. மெசேஜ் வந்தா இனி கடைசித் துண்ட முதல் வாசிங்க.

சம்மாந்துறை மச்சான் · சனி பகல் 12.40

ராத்தா அந்தக் கதிரைக் கதை எனக்கு இப்பதான் முழுசா விளங்க வச்சிது. அப்ப இன்னொரு கேள்வி. 'குயிக்லி', 'கேர்ஃபுலி' மாதிரி லி வாறதெல்லாம் அந்தக் கதிரையில இரிக்குமா? 'ஹீ லுக்ட் கேர்ஃபுலி அட் த பிக்சர்' எண்டு எழுதினா சரியா, 'ஹீ லுக்ட் அட் த பிக்சர் கேர்ஃபுலி' எண்டுதான் எழுத வேணுமா?

ஒலுவில் கெம்பஸ் · சனி பின்னேரம் 4.15

ரெண்டும் சரி. அந்த லி கதிரையில இரிக்கல்ல, வினையோட சொந்தம். ஆனா வினைக்கும் 'அட் த பிக்சர்'க்கும் நடுவால நுழைய இடம் கிடைக்கும். இதுல ஒரு நல்ல சங்கதி இரிக்கி. வினைக்குப் புறகு நேர பெயர் வந்தா நடுவால நுழைய ஏலா, 'ஹீ ட்ரோவ் குயிக்லி த கார்' பிழை. 'ஹீ ட்ரோவ் குயிக்லி த்ரூ த டவுன்' சரி. தமிழ்ல 'காரக் கெதியா ஓட்டினான்', 'கெதியாக் காரை ஓட்டினான்' எல்லாம் வரும், அதாலதான் நம்மட ஆக்களுக்கு அந்தப் பிழை வருது.

இத வச்சி இன்னொண்டயும் பிடிக்கலாம். 'ரான் அப் த ஹில்', 'ரான் அப் த பில்' ரெண்டும் எழுத்துல ஒரே மாதிரி. முதலாவது மலையில ஓடி ஏறினான், ரெண்டாவது கடன் கணக்க ஏத்திப்போட்டான். நடுவுல குயிக்லிய வச்சிப் பாருங்க. 'ரான் குயிக்லி அப் த ஹில்' வரும். 'ரான் குயிக்லி அப் த பில்' வராது. ரைட்ட வச்சாலும் அப்பிடித்தான், 'ரைட் அப் த ஹில்' எண்டா உச்சி மட்டும், 'ரைட் அப் த பில்' வரவே வராது. பில்லுல அப் வினையோட ஒட்டிப் பிறந்த, நடுவால குயிக்லியப் புகுத்த ஏலா. மலையில அப் மலையோட சேர்ந்த, அதால முன்னால கதிரை போடலாம். வினையும் சின்னச் சொல்லும் சேர்ந்து ஒரே வினையா நிக்கிற ஃப்ரேசல் வேர்ப் எது, எது இல்ல எண்டு நூறு நூறாப் பாடமாக்கிறதுக்குப் பதிலா இந்த ஒரு சோதனை போதும்.

மணல்சேனை · சனி பின்னேரம் 4.22

'லுக் அப் த வேர்ட்'க்கும் வச்சிப் பார்த்தன், 'லுக் குயிக்லி அப் த வேர்ட்' காதுக்கே ஒட்டல்ல. சரியா வருது.

படுவான்கரை · சனி இரவு 8.50

கொக்கட்டிச்சோலையில இருந்து எழுதுறன். காலைல இருந்து இந்த இழைய வாசிச்சிக்கிட்டு இருக்கன், எல்லாரும் சொன்னதுக்குள்ள ஒரு சங்கதி ஒளிஞ்சி கிடக்கு எண்டு படுது, அதச் சொல்லாம படுக்க மனம் வரல்ல.

நம்மட ஊரப் பாருங்க. மட்டக்களப்பு வாவிக்கு ஒரு பக்கம் எழுவான்கரை, மற்றப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழுற கர, படுற கர. இடப் பேருக்குள்ளயே திசைய வச்சிருக்கிற சனம் நாம. 2014 இல மண்முனைப் பாலம் திறக்க முதல் பாதையிலதான் கடந்தம், வெளியூர் ஆக்களுக்குச் சொல்றன், பாதை எண்டா இஞ்ச ஆக்களையும் வாகனத்தையும் ஏத்தி வாவியக் கடக்கிற மிதவை. 'அங்கால போயித்து வாறன்' எண்டா அம்மாக்கு நான் எந்தக் கரைக்குப் போறன் எண்டு விளங்கும். இங்கிலீஷ்காரன் 'ஓவர் ஒன் த அதர் சைட்' எண்டு சொல்றது இதத்தான். அங்கால, இஞ்சால, உள்ளுக்க, வெளியால, மேலால, கீழால எண்டு இவ்வளவும் வாய்ல கிடக்கிற நமக்கு ஓவர், அவுட், டவுன் வராம போறதுக்குக் காரணம் அறிவுக் குறைவு இல்ல. எனக்கு விளங்கின காரணம் வரிசை.

'பாலத்துக்கு முன்னாலயே நிக்கான்' இத எடுங்க. முதல் பாலம், அதுக்குப் புறகு 'கு', அதுக்குப் புறகு 'முன்னால', கடைசியா 'ஏ'. இப்ப இங்கிலீஷ்: ரைட், இன் ஃப்ரண்ட், ஒஃப், த பிரிட்ஜ். அந்த 'ஏ'தான் ரைட். 'முன்னால'தான் இன் ஃப்ரண்ட். 'கு'தான் ஒஃப். அப்பிடியே கண்ணாடியில பார்த்த மாதிரி தலைகீழ். நம்மட கடைசி எழுத்து அவங்கட முதல் சொல்லு.

அதாலதான் நாம ரைட்ட மறந்துபோறம். வசனம் தொடங்கேக்க நம்மட மனசுல பாலம்தான் முதல் வருது, 'ஏ' கடைசியிலதான் வரும், அது வரேக்க இங்கிலீஷ் வசனம் முடிஞ்சித்து. முடிஞ்ச புறகு என்ன செய்றம் எண்டா கடைசியில 'ஒன்லி' எண்டத ஒட்டிவிடுறம், 'ஐ ஆம் அட் த கேட் ஒன்லி.' அந்த ஒன்லி நம்மட 'ஏ', நம்மட 'தான்'. வெள்ளைக்காரனுக்கு அது 'கேட்டடியில மட்டும்' எண்டு கேக்குது. சொல்ல வந்தது 'ரைட் அட் த கேட்'. 'மட்டும்' எண்டதும் 'உம்' எண்டதும் இப்பிடித்தான் முன்னுக்குப் போக வேணும், வெள்ளிக்கிழமையில மட்டும் எண்டா 'ஒன்லி ஒன் ஃப்ரைடேஸ்', கடலுக்குள்ளயும் எண்டா 'ஈவன் இன் த சீ'.

பழைய டீச்சர், களுவாஞ்சிக்குடி · சனி இரவு 9.15

படுவான்கரைத் தம்பி, இத வாசிச்சித்து கொஞ்ச நேரம் சும்மா இருந்தன். 31 வருசம் 'ஒன்லி'ய சிவப்புப் பேனையால வெட்டினனான். அந்தப் புள்ளைகள் பிழை விடல்ல, 'ஏ'ய வைக்க இடம் தேடினதுகள் எண்டு ஒரு நாளும் யோசிக்கல்ல. வெட்டின இடத்துல 'ரைட்' எண்டு முன்னுக்கு எழுதிக் குடுத்திருக்க வேணும்.

இன்னொண்டு சேர்க்கிறன். 'கம் டு ஹியர்', 'கோ பேக் டு ஹோம்' இதுவும் நம்மட பிழைதான். ஹியர், தெயர், ஹோம் மூண்டும் உள்ளுக்க உருபக் கொண்டு பிறந்த சொல்லு. நாமளும் 'இஞ்ச வா' எண்டுதான் சொல்றம், 'இஞ்சக்கு வா' எண்டு சொல்றல்ல. அதால 'பேக் ஹியர்', 'பேக் ஹோம்', 'ரைட் ஹியர்'. ஆனா ரூம் வெறும் பெயர், அதுக்கு உருபு வேணும், 'பேக் டு த ரூம்', 'பேக் அட் த ரூம்'. போறதுக்கு டு, இருக்கிறதுக்கு அட். 'ஹியர்'க்குப் புறகால இன்னொரு இடத்த வைக்கலாம், 'ஹியர் இன் மட்டக்களப்பு', 'ஓவர் தெயர் பை த கல்லடிப் பாலம்'. பெரிசு முன்னுக்கு, குறிப்பான இடம் பின்னுக்கு.

பாலம் எண்ட உடன ஒண்டு. கல்லடியில 1924 ஆம் ஆண்டு லேடி மன்னிங் பாலமும் நிக்குது, 2013 இல திறந்த புதுப் பாலமும் பக்கத்துல நிக்குது. 'ஜஸ்ட் ஓவர் த பிரிட்ஜ்' எண்டா பாலம் கடந்த உடன. 'ஹாஃப்வே ஓவர் த பிரிட்ஜ்' எண்டா நடுப்பாலத்துல. 'ரைட் ஓவர் த பிரிட்ஜ்' எண்டா பாலத்துக்கு நேர மேல, நிலா நிக்கிற மாதிரி, அல்லது ஒரு கரையில இருந்து மறு கர மட்டும் முழுசா. ரைட்டுக்கு இப்பிடி மூண்டு முகம் இருக்கு, நேர எண்டும் வரும், ஒட்டி எண்டும் வரும், முழுசா எண்டும் வரும். 'ரைட் த்ரூ த நைட்' எண்டா விடிய விடிய. எந்த முகம் எண்டு புறகால வாற சொல்லுதான் சொல்லும்.

கல்முனை ராத்தா · சனி இரவு 9.30

'ஐ ஆம் இன் த வார்ட் ஒன்லி' எண்டு நானும் கன வருசம் சொல்லியிரிக்கன். இப்பதான் ஏன் எண்டு விளங்குது. ஜஸாக்கல்லாஹு ஹைர் தம்பி.

உல்லைப் பொடியன் · சனி இரவு 9.44

நாளைக்கு என்ட கிளாஸ்ல ரெண்டு நம்மட பொடியனுகள் இருக்காங்க, கைடா வர ஆசைப்படுறவங்க. கரையில மணலுல கீறி 'ஏ' கடைசி, 'ரைட்' முதல் எண்டு காட்டுறன்.

வாழைச்சேனைப் புள்ள · ஞாயிறு பின்னேரம் 3.30

எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்றதெண்டு தெரியல்ல. ரெண்டு நாளா எல்லாத்தையும் கொப்பியில எழுதினன். இண்டைக்குக் காலைல அதே கெஸ்ட் வெளிக்கிடேக்க கேட்டாங்க, ஏ டி எம் எங்க இருக்கு எண்டு. முதல் எண்டா 'நியர் டெம்பிள், வெரி இன் ஃப்ரண்ட்' எண்டு சொல்லியிருப்பன். வாய் திறக்க முதல் மனசுக்க தமிழ்ல ஒருக்காச் சொல்லிப் பார்த்தன், 'அங்கால, கோயிலுக்கு முன்னாலயே.' கடைசியில நிக்கிற 'ஏ'ய எடுத்து முன்னுக்கு வச்சன். 'இட்ஸ் ஓவர் தெயர், ரைட் இன் ஃப்ரண்ட் ஒஃப் த டெம்பிள்.' அவங்க திருப்பிக் கேக்காம நேரப் போனாங்க.

மறுகா நானா அவங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினன், ஒருத்தரிட்டயும் காட்டாம. அதயும் போடுறன், பிழை இருந்தா சொல்லுங்க டீச்சர். 'த ஓட்டோ இஸ் வெயிட்டிங் ஜஸ்ட் அவுட்சைட் த கேட். ஹி கேன் டேக் யூ டவுன் டு கல்குடா அண்ட் ப்ரிங் யூ ஸ்ட்ரெய்ட் பேக் டு ஹியர் பிஃபோர் சன்செட்.'

ஓட்டோ அதே அண்ணன்ட ஓட்டோதான். நேரத்த அவருக்குச் சரியாச் சொல்லிப்போட்டுத்தான் வரச் சொன்னன்.

பழைய டீச்சர், களுவாஞ்சிக்குடி · ஞாயிறு பின்னேரம் 3.52

மகள், ஒரே ஒரு இடம். 'ஸ்ட்ரெய்ட் பேக் ஹியர்'. அந்த 'டு'வ எடுத்துருங்க. 'வெல் பிஃபோர் சன்செட்' எண்டு போட்டா இருட்டுப்பட நல்லா முந்தி வந்துருவாங்க எண்டு அவங்களுக்கும் விளங்கும், ஓட்டோ அண்ணனுக்கும் அடுத்த ஹயருக்கு நேரம் கிடைக்கும்.

வாழைச்சேனைப் புள்ள · ஞாயிறு பின்னேரம் 3.55

திருத்தி அனுப்பிட்டன் டீச்சர். அவங்க 'பெர்ஃபெக்ட், வீ ஆர் ஜஸ்ட் அவுட் ஒன் த வெராண்டா, கமிங் ரைட் டவுன்' எண்டு போட்டிருக்காங்க. விளங்கிச்சி. அந்தா இறங்கி வாறாங்க.